ஒரு ரேடியோ போதாது

கரண்ட் போவது எங்களுக்குப் புதினம் இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினபோது, ஃபோனில் சார்ஜ் இறங்க இறங்க ஆருக்கு முதலில் மெசேஜ் போடுறது என்று யோசித்த ஆக்கள் நாங்கள். அதனால்தானோ என்னவோ, 2023 ஜூலை 25 ஆம் திகதி அமெரிக்காவின் ஹூஸ்டனில் கரண்ட் போன செய்தியை வாசித்தபோது எங்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. போனது நாசாவின் ஜோன்சன் விண்வெளி மையத்தில். சர்வதேச விண்வெளி நிலையத்தை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கிற கட்டுப்பாட்டு அறை அங்கேதான் இருக்கிறது. கட்டடத்தில் ஏதோ மின்சாரத் திருத்தவேலை நடந்துகொண்டிருந்த நேரம். ஒரேயடியாக நிலையத்தோடு இருந்த தொடர்பு அறுந்து போனது. கட்டளை அனுப்ப ஏலாது, நிலையத்தில் இருந்து வருகிற தரவுகளைப் பார்க்க ஏலாது, மேலே இருக்கிற ஆக்களோடு கதைக்கவும் ஏலாது.

மேலே அப்போது ஏழு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நிலையத்திலும் ஒரு பிழையும் இல்லை. பிழை பூமியில். சுமார் 90 நிமிடத்தில் எல்லாம் வழமைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு ஒரு விபரம். "ஹூஸ்டனில் கரண்ட் இல்லை, பயப்பட வேண்டாம்" என்ற தகவல் 20 நிமிடத்துக்குள் மேலே போய்ச் சேர்ந்திருக்கிறது. போனது ரஷ்யாவின் தொடர்பு முறை வழியாக. உக்ரைன் போர் தொடங்கி ஒன்றரை வருசம் ஆகியிருந்தது. வொஷிங்டனும் மொஸ்கோவும் ஆளையாள் முகம் பார்த்துக் கதைக்காத காலம். அந்த நேரத்தில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு அமெரிக்கச் செய்தியைக் கொண்டுபோனது மொஸ்கோவின் ரேடியோ.

இதை வாசித்த பிறகு நாங்கள் கொஞ்சம் பின்னோக்கித் தேடத் தொடங்கினோம். மனிதரை ஏற்றிக்கொண்டு போகிற விண்கலத்தில் பிரதான ரேடியோ வேலை செய்யாவிட்டால் என்ன செய்வார்கள்? மாற்றுவழி என்ன? நாங்கள் கலைப்பீடத்துப் பெடியளும் பெட்டைகளும். சுற்று வரைபடம் பார்த்தால் தலை சுத்தும். ஆனால் தேடத் தேட, இது மின்னணுவியலின் கதை மட்டும் இல்லை என்று விளங்கியது. நிலம், அரசியல், நம்பிக்கை எல்லாம் இதற்குள் கிடக்கிறது.

ஒன்றுக்கு நாலு

1961 ஏப்ரல் 12 இல் யூரி ககாரின் பறந்த வொஸ்டொக் கலத்திலேயே ஒரு ரேடியோவை நம்பி ஆளை அனுப்பவில்லை. தூரத்துக்குப் போகிற சிற்றலைக்கு ஒரு தொகுதி, நேர்ப்பார்வைக்குள் தெளிவாகக் கேட்கிற உயர் அதிர்வெண்ணுக்கு இன்னொன்று. அதோடு மோர்ஸ் அடிக்கிற தந்திச் சாவியும் இருந்தது. அடுத்த வருசம் பெப்ரவரி 20 இல் ஜோன் கிளென் பறந்த அமெரிக்காவின் மெர்க்குரி கலத்திலும் இதே யோசனைதான். பிரதான குரல் ரேடியோ ஒன்று, அது போனால் இன்னொன்று, அதுவும் போனால் சிற்றலை. இவ்வளவும் போனாலும், கலத்துக்குக் கட்டளை வாங்குவதற்கென்று பூட்டின கருவி வழியாகத் தரையில் இருந்து குரல் அனுப்பலாம்.

இரண்டு விதமான அலை ஏன் தேவைப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். சிற்றலை மேல் வளிமண்டலத்தில் பட்டுத் தெறித்து, பூமியின் வளைவைத் தாண்டியும் போகும். பழைய ரேடியோப் பெட்டியில் தூர தேசத்து நிலையங்கள் இரவில் இழுபட்டு இழுபட்டுக் கேட்கிறது அதனால்தான். ஆனால் அது நம்பமுடியாத அலை. இன்றைக்குக் கேட்கும், நாளைக்குக் கேட்காது. உயர் அதிர்வெண் அலை கண்ணாடி மாதிரித் தெளிவு. ஆனால் தொடுவானத்துக்குக் கீழே போனால் முடிந்தது. 90 நிமிடத்துக்கு ஒருக்கால் உலகத்தைச் சுற்றுகிற கலம், ஒரு தரை நிலையத்துக்கு மேலால் சில நிமிடங்களிலேயே ஓடிப்போய்விடும்.

ஆகவே கலத்துக்குள் நாலு ரேடியோ வைத்தாலும், கீழே கேட்கிறதுக்கு ஆள் வேண்டும். அதற்காக அமெரிக்கா உலகத்தைச் சுற்றி 18 நிலையங்களைப் போட்டது. அதில் இரண்டு கப்பல்கள். மற்றவை பெர்மியூடா, நைஜீரியாவின் கானோ, சான்சிபார், அவுஸ்திரேலியாவின் மூச்சீ, மெக்ஸிக்கோவின் குவாய்மாஸ் என்று போகும். இந்தப் பட்டியலை வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வரலாறு படிக்கிற எங்களுக்குப் பொறி தட்டியது. இவற்றில் கன இடங்கள் ஐரோப்பியப் பேரரசுகள் பிடித்து வைத்திருந்த, அல்லது அப்போதுதான் விட்டுப்போன மண்.

சான்சிபாரில் அந்த நிலையத்துக்கு எதிராக ஆரம்பத்திலேயே அரசியல் எதிர்ப்பு இருந்தது. 1964 ஜனவரியில் அங்கே புரட்சி நடந்து ஆட்சி மாறியது. அந்த வருசமே அமெரிக்க நிலையத்தை மூடவேண்டி வந்தது. வேலையை மடகஸ்காருக்குக் கொண்டுபோனார்கள். 1975 இல் அங்கேயும் ஆட்சி மாறி, அதுவும் மூடுப்பட்டது. விண்வெளியில் ஒருவன் எவ்வளவு நேரம் தனியாக, ஒரு குரலும் இல்லாமல் பறக்கவேண்டும் என்பதை ஒரு தீவின் அரசியல் தீர்மானித்திருக்கிறது. அந்தத் தீவுக்காரரின் பக்கத்தில் நின்று பார்த்தால், கேளாமல் கொள்ளாமல் தங்கட மண்ணில் வந்து நட்ட அன்ரனா அது. இரண்டு பக்கமும் உண்மைதான்.

கிளெனின் பயணத்தில் இன்னொரு விசயமும் நடந்தது. வெப்பக் கவசம் கழன்றுவிட்டது என்று காட்டுகிற ஒரு சமிக்ஞை தரைக்கு வந்தது. கவசம் உண்மையாகவே கழன்றிருந்தால் திரும்பி வரும்போது ஆள் எரிந்து சாவான். தரையில் இருந்தவர்கள் அதை அவருக்கு உடனே சொல்லவில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கு மேலால் போகும்போதும் சுத்திவளைத்துக் கேள்வி கேட்டார்கள். அந்த ஆளிப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கு, ஏதாவது சத்தம் கேக்குதோ என்று. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் அந்தச் சமிக்ஞைதான் பிழை. கவசம் அப்படியே இருந்தது. ரேடியோ முழுசாக வேலை செய்தும், உண்மை மட்டும் போய்ச் சேரவில்லை. இதற்கு எந்தக் கருவியும் மாற்றுவழி ஆகாது.

புள்ளியும் கோடும்

1962 மே 24 இல் ஸ்கொட் கார்ப்பென்டர் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி சுமார் 400 கிலோமீற்றர் தள்ளிக் கடலில் விழுந்தார். குரல் தொடர்பு இல்லை. அமெரிக்காவே தொலைக்காட்சிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அவர் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது கலத்தில் இருந்த வழிகாட்டி ஒலிபரப்பி. அதற்குக் கதைக்கத் தெரியாது. "இஞ்ச இருக்கிறன், இஞ்ச இருக்கிறன்" என்கிற மாதிரி ஒரே துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். தேடிப் பறந்த விமானம் அந்தத் துடிப்பைப் பிடித்து வந்தபோது, மனுசன் ரப்பர் ஓடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

சோவியத்தின் வொஸ்கொட் 2 இன்னும் மோசம். 1965 மார்ச் 18 இல் அலெக்ஸி லியோனொவ் உலகத்திலேயே முதல் ஆளாகக் கலத்துக்கு வெளியே விண்வெளியில் மிதந்தார். அடுத்த நாள் தானியங்கி இறக்கும் முறை வேலை செய்யவில்லை. பாவெல் பெல்யாயெவ் கையால் ஓட்டி இறக்கினார். இறங்கினது குறித்த இடத்தில் இருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் தள்ளி, பனி மூடின பெர்ம் காட்டுக்குள். அங்கேயும் ஆளைக் காட்டிக்கொடுத்தது ரேடியோச் சமிக்ஞைதான். ஹெலிகொப்டர் மேலால் வந்து கண்டுவிட்டது. ஆனால் மரங்களுக்குள் இறங்க வழி இல்லை. இருவரும் இரண்டு இரவு காட்டுக்குள் கழித்து, பிறகு பனிச்சறுக்குக் கட்டையில் போய்த்தான் வெளியேறினார்கள்.

இந்த இரண்டு கதையிலும் ஒரு பாடம் இருக்கிறது. மாற்றுவழி என்றால் பிரதான கருவியின் இன்னொரு பிரதி என்று நாங்கள் நினைக்கிறோம். அனுபவப்பட்ட பொறியியலாளர்கள் அப்படி நினைக்கவில்லை. பெரியது விழுந்தால் அதைவிடச் சின்னது, அதுவும் விழுந்தால் இன்னும் சின்னது என்று படிக்கட்டு மாதிரிக் கட்டினார்கள்.

அப்பலோ கலங்களில் இந்தப் படிக்கட்டு வடிவாகத் தெரியும். சந்திரனுக்குப் போகிற பிரதான கலத்தில், பூமியைப் பார்த்துத் திரும்புகிற நாலு வட்டில் கொண்ட பெரிய அன்ரனா ஒன்று. அதில் குரல், தரவு, தொலைக்காட்சிப் படம் எல்லாம் போகும். அது பழுதானால், எல்லாப் பக்கமும் கேட்கிற சின்ன அன்ரனாக்கள். அதில் படம் போகாது, குரல் போகும். குரலும் போகாத அளவுக்கு வலு குறைந்தால், அவசரச் சாவி என்று ஒரு முறை இருந்தது. பொத்தானை அமத்தி அமத்தி மோர்ஸ் அடிக்கவேண்டியதுதான்.

சந்திரனுக்குப் போகிற கலத்தில் 19 ஆம் நூற்றாண்டுத் தந்தி எதற்கு? காரணம் சின்னது. குரலைத் தெளிவாக அனுப்ப அலைவரிசையில் அகலமான இடம் வேண்டும். கையில் இருக்கிற சக்தி அவ்வளவும் அந்த அகலத்துக்குள் பரவிப் போகும். மோர்ஸுக்கு ஒரேயொரு தொனி போதும், இருக்கிறது அல்லது இல்லை. முழுச் சக்தியும் ஒரு புள்ளியில் நிற்கும். சத்தமான சந்தையில் நீங்கள் சொல்லுகிற வசனம் தூரத்தில் நிற்கிறவருக்கு விளங்காது. ஆனால் விசில் அடித்தால் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான்.

1972 ஏப்ரலில் அப்பலோ 16 இன் சந்திர ஓடம் இறங்கப் போகிற நேரத்தில் அதன் திரும்புகிற அன்ரனா ஒரு பக்கம் இறுகிவிட்டது. படிக்கட்டில் ஒரு படி கீழே இறங்கினார்கள். சின்ன அன்ரனாவில் குரல் போனது. ஆனால் பூமியில் இருந்து நேரே கணினிக்கு ஏற்றவேண்டிய எண்களை ஏற்ற முடியவில்லை. ஆகவே ஹூஸ்டனில் இருந்து எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள், சார்ல்ஸ் டியூக் சொல்வதெழுதுதல் மாதிரிக் கையால் எழுதிக்கொண்டார், எழுதினதைக் கணினிக்குள் தட்டினார்கள். ஓடம் இறங்கியது. விண்வெளித் தொழில்நுட்பத்தின் உச்சியில், மாற்றுவழி ஒரு பென்சிலும் கடுதாசியும்.

இடையில் ஒரு ஆள்

1969 ஜூலை 20. ஆம்ஸ்ரோங்கும் ஓல்ட்றினும் சந்திரனில் இறங்குகிற நாள். அந்தக் காட்சியில் மைக்கல் கொலின்ஸை நாங்கள் எல்லாரும் மறந்துவிடுகிறோம். மேலே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த மனுசன். இறங்கத் தொடங்குகிற நேரத்தில் ஓடத்தின் சமிக்ஞை பூமிக்கு விட்டு விட்டுத்தான் வந்தது. இறங்கலாம் என்ற அனுமதியை ஹூஸ்டன் சொன்னபோது ஓடத்துக்கு அது நேரே போய்ச் சேரவில்லை. ஹூஸ்டன் கொலின்ஸிடம் சொன்னது. கொலின்ஸ் தன்னுடைய சின்ன ரேடியோவில் பக்கத்து ஓடத்துக்குச் சொன்னார். மனிதர் சந்திரனில் இறங்குவதற்கான அனுமதி, மூன்றாவது ஆள் ஒருவரின் வாய் வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அடுத்த வருசம் ஏப்ரலில் அப்பலோ 13. பூமியில் இருந்து சுமார் 320,000 கிலோமீற்றர் தூரத்தில் ஒட்சிசன் தாங்கி வெடித்தது. லொவெல், ஸ்விகேர்ட், ஹெய்ஸ் மூன்று பேரும் சந்திர ஓடத்துக்குள் புகுந்தார்கள். உயிர்காக்கிற படகு அதுதான், ரேடியோவும் அதுதான். இங்கே ஒரு சிக்கல். ஓடத்தின் ரேடியோவும், சந்திரனில் மோதவிடுவதற்காகப் பின்னால் அனுப்பியிருந்த ரொக்கெட்டின் மூன்றாவது கட்டத்தின் ரேடியோவும் ஒரே அலைவரிசையில் வேலை செய்தன. வழமையான பயணத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது, ஆகவே ஒருவரும் அதைப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. இப்போது உயிர்ப் படகின் குரலும், செத்த ரொக்கெட்டின் இரைச்சலும் ஒன்றில் ஒன்று ஏறி நின்றன. தரை நிலையங்களில் இருந்தவர்கள் கெட்டித்தனமாக இரண்டின் அதிர்வெண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிரித்தார்கள்.

பிறகு பற்றறி. ஓடத்தின் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, ரேடியோவின் வலுவைக் கூட்டுகிற பகுதியையும் நிற்பாட்டவேண்டி வந்தது. குரல் மெலிந்துபோனது. மேலே சத்தத்தைக் கூட்ட வழி இல்லை என்றால், கீழே காதைப் பெரிதாக்கவேண்டும். அவுஸ்திரேலியாவின் பார்க்ஸில் 64 மீற்றர் வட்டில் கொண்ட ஒரு ரேடியோத் தொலைநோக்கி இருக்கிறது. நட்சத்திரம் பார்க்கிற கருவி. அந்தப் பயணத்துக்கு அதை ஒழுங்கு செய்திருக்கவில்லை. வெடித்த செய்தி வந்ததும் அங்கே இருந்த ஆக்கள் நடந்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, சில மணித்தியாலங்களுக்குள் கருவிகளைப் பூட்டி அந்த மெலிந்த குரலைப் பிடித்தார்கள். அப்பலோ 13 பற்றிப் படமே எடுத்திருக்கிறார்கள், நாங்களும் பார்த்திருக்கிறோம். ஆனால் காதைப் பெரிதாக்கின அந்த ஆக்களைப் பற்றி எங்களுக்கு ஒரு வசனமும் தெரியாமல் இருந்தது.

மாற்றுவழி இல்லாத இடம்

எல்லாவற்றுக்கும் மாற்றுவழி உண்டு என்று சொன்னால் அது பொய். கலம் வளிமண்டலத்துக்குள் திரும்பி வரும்போது, சூட்டில் அதைச் சுற்றியிருக்கிற காற்றே மின்னேற்றம் அடைந்து ஒரு திரை மாதிரி நிற்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு அந்தக் காலக் கலங்களின் எந்த ரேடியோவாலும் திரையைத் தாண்ட ஏலாது. அப்பலோ 13 இல் அந்த மௌனம் எதிர்பார்த்ததைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டது. பிறகு குரல் வந்தது.

1971 ஜூன் கடைசியில் சோவியத்தின் சொயுஸ் 11 திரும்பியபோது குரல் வரவே இல்லை. ரேடியோ பழுது என்று நினைத்திருப்பார்கள். கலம் பிசகில்லாமல், பரசூட் விரிந்து, குறித்தபடி இறங்கியது. மீட்புக்குப் போனவர்கள் வெளியில் தட்டினார்கள். பதில் இல்லை. திறந்தபோது தொப்ரொவொல்ஸ்கி, வொல்கொவ், பட்சாயெவ் மூவரும் இறந்திருந்தார்கள். மேலே பிரியும்போது ஒரு காற்று வால்வு திறந்து, கலத்துக்குள் இருந்த காற்று முழுக்க வெளியேறியிருந்தது. ரேடியோவில் ஒரு பிழையும் இல்லை.

பதில் வராதபோது, கருவி பழுதோ ஆள் இல்லையோ என்று கீழே இருக்கிறவருக்குத் தெரியாது. எங்கட ஊரில் இதைக் கனபேருக்கு விளக்கத் தேவையில்லை. ஃபோன் எடுபடாத நாட்களில், சிக்னல் இல்லாததாலதான் எடுபடேல்லை என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டு இருந்த வீடுகள் இங்கே கனக்க இருக்கின்றன. மாற்று ரேடியோ ஒன்று இருந்திருந்தால் உயிர் பிழைத்திருக்கும் என்று எப்போதும் சொல்ல ஏலாது. ஆனால் தெரியாமல் இருக்கிற நேரத்தையாவது அது குறைக்கும்.

நாடு இல்லாமல் போன மனிதர்

1991 மே மாதம் செர்கெய் கிரிக்காலெவ் சோவியத் ஒன்றியத்தில் இருந்து மீர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். அவர் மேலே இருக்கும்போது அவருடைய ஊரான லெனின்கிராட்டின் பெயர் சென்ற் பீற்றர்ஸ்பேர்க் என்று மாறியது. டிசம்பரில் நாடே இல்லாமல் போனது. 311 நாள் கழித்து, 1992 மார்ச் 25 இல் அவர் வந்து இறங்கின கசகஸ்தான் அப்போது வேறு நாடு.

சோவியத் காலத்தில் மீரோடு கதைப்பதற்குக் கடல்களில் கண்காணிப்புக் கப்பல்கள் நின்றன. அதில் பெரிய ஒன்றுக்குப் பெயரே 'விண்வெளி வீரர் யூரி ககாரின்'. நாடு உடைந்ததும் கப்பல்களை ஓட்டக் காசு இல்லை. ககாரின் கப்பல் உக்ரைனின் கைக்குப் போய், 1996 இல் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டது. கப்பல்கள் திரும்பியதும் மீர் நிலையம் ரஷ்ய மண்ணுக்கு மேலால் போகிற அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் பெரும்பாலும் கதைக்கலாம் என்ற நிலை வந்தது.

ஆனால் மீரில் இன்னொரு ரேடியோ இருந்தது. 1988 இலேயே அமெச்சூர் ரேடியோ ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். பொழுதுபோக்குக்காகச் சொந்த ரேடியோ வைத்து உலகத்தோடு கதைக்கிற ஆக்களுடைய ரேடியோ. விண்வெளியில் இருந்து முதலில் இப்படிக் கதைத்தவர் அமெரிக்க வீரர் ஓவன் கேரியொட், 1983 இல் கொலம்பியா ஓடத்தில் இருந்து. கிரிக்காலெவும் மீரில் இருந்து இப்படிக் கதைத்தார். அவுஸ்திரேலியாவில் இருந்த ஒரு பெண் அவரோடு மாதக்கணக்காகத் தொடர்பில் இருந்தார். அரசாங்கத்தின் கப்பல்கள் துறைமுகத்துக்குத் திரும்பின காலத்தில், ஆரோ ஒருவர் தன் வீட்டு அன்ரனாவோடு அவருக்காகக் காத்திருந்தார்.

இது எப்படிச் சாத்தியம் என்று கேட்கலாம். நிலையம் இருக்கிறது சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான வீதித் தூரத்தைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. இடையில் மலையும் இல்லை, கட்டடமும் இல்லை. சில வாற்று வலுவே போதும். இன்றைக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் அமெச்சூர் ரேடியோ இருக்கிறது. 145.800 மெகாஹேர்ட்ஸில் சாதாரணக் கைக்கருவியாலேயே கேட்கலாம். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு கதைக்கத்தான் பாவிக்கிறார்கள். எல்லாம் விழுந்தால் கடைசி மாற்றுவழிகளில் அதுவும் ஒன்று. எங்கட நாட்டிலும் 2004 சுனாமி நேரம் ஹம்பாந்தோட்டையில் இருந்து கொழும்புக்குத் தகவல் கடத்தினதில் அமெச்சூர் ரேடியோக்காரருக்குப் பங்கு இருக்கிறது. அதற்கு முதல், கரண்டே இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோச் செய்தி கேட்ட தலைமுறை எங்கட அம்மா அப்பாக்களுடையது. மாற்றுவழி என்றால் என்ன என்று அவர்களிடம் கேட்டால் எங்களைவிட நல்ல கட்டுரை எழுதுவார்கள்.

எதிரியின் ரேடியோ

இலங்கைக்கு இந்தக் கதையில் இன்னொரு தொடர்பும் உண்டு. 1956 தொடக்கம் 2008 இல் இறக்கும்வரை இங்கே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், இங்கு வருவதற்கு முதலே, 1945 ஒக்டோபரில் ஒரு கட்டுரை எழுதினார். பூமியோடு சேர்ந்து சுற்றுகிற உயரத்தில் மூன்று நிலையங்களை வைத்தால் உலகம் முழுக்கத் தொடர்பு கொள்ளலாம் என்பது அதன் சாரம். சான்சிபார் மாதிரி ஆருடைய மண்ணிலும் போய் நிற்கத் தேவையில்லை. 1983 இல் இருந்து நாசா அனுப்பின தொடர்புச் செய்மதிகள் அந்த யோசனையைத்தான் விண்கலங்களுக்குச் செய்து கொடுத்தன. தரை நிலையங்களை நம்பியிருந்தபோது ஒரு சுற்றில் சிறு பங்கு நேரம்தான் கதைக்கலாம். இப்போது கிட்டத்தட்ட முழு நேரமும் கதைக்கலாம்.

அதற்கு முன்னோடியாக ஒரு செய்மதி, 1975 ஜூலையில் அப்பலோவும் சொயுஸும் விண்வெளியில் கைகுலுக்கியபோது குரலையும் படத்தையும் கடத்தியது. ஏரிஎஸ் 6 என்று பெயர். அடுத்த மாதமே இந்தியக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டத் தொடங்கியதும் அதே செய்மதி. அந்த ஒளிபரப்பைப் பிடிப்பதற்காக இந்தியப் பொறியியலாளர்கள் கொழும்பில் கிளார்க்கின் வீட்டிலேயே ஒரு வட்டில் அன்ரனாவை வைத்துக் கொடுத்தார்கள்.

அந்த அப்பலோ–சொயுஸ் பயணத்தில் நாங்கள் கண்ட சின்ன விபரம் ஒன்றுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. இரண்டு கலங்களின் ரேடியோவும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆகவே அமெரிக்கக் கலத்தில் சோவியத் ரேடியோவையும், சோவியத் கலத்தில் அமெரிக்க ரேடியோவையும் பூட்டினார்கள். கதைக்கும்போது அமெரிக்கர் ரஷ்ய மொழியிலும், ரஷ்யர் ஆங்கிலத்திலும் கதைப்பது என்று ஒழுங்கு. தன் மொழியைச் சொல்வதைவிட மற்றவனுக்கு விளங்கப்பண்ணுவது முக்கியம் என்று ஒரு முடிவு. சோவியத் பக்கத்துத் தளபதி ஆர் தெரியுமோ? பத்து வருசத்துக்கு முதல் பெர்ம் காட்டுக்குள் பனியில் இரண்டு இரவு கிடந்த அதே லியோனொவ்.

அந்த ஒழுங்கின் தொடர்ச்சியைச் சர்வதேச விண்வெளி நிலையத்தில் காணலாம். அமெரிக்கப் பகுதி செய்மதி வழியாகக் கதைக்கும். ரஷ்யப் பகுதிக்கு ரஷ்ய மண்ணில் உள்ள நிலையங்களோடு கதைக்கிற தனி ரேடியோ உண்டு. 2013 பெப்ரவரி 19 இல் கணினி மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அமெரிக்கத் தொடர்பு கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம் அறுந்தது. நிலையம் ரஷ்யாவுக்கு மேலால் போகும்போது அந்த ரேடியோவில்தான் நிலைமையைச் சொன்னார்கள். பத்து வருசம் கழித்து 2023 இலும் அதேதான்.

இதை ஒரு சமாதானக் கதையாக முடித்துவிட எங்களுக்கு விருப்பம் இல்லை. அந்த 20 நிமிடத்தால் எந்தப் போரும் நிற்கவில்லை. ரஷ்யா உதவியது அன்பினால் என்று சொல்லவும் ஏலாது. மேலே இருந்த ஏழு பேரில் மூன்று பேர் அவர்களுடைய ஆக்கள். ஆனால் அந்த இணைப்பு கோபம் வந்த நாளில் வெட்டி எறியக்கூடிய மாதிரிக் கட்டப்படவில்லை. நல்ல உறவு இருந்த காலத்தில், நல்ல உறவு இல்லாத காலத்துக்காகக் கட்டி வைத்தது. மாற்று ரேடியோவைப் பழுதான பிறகு பூட்ட ஏலாது, அவ்வளவுதான் விசயம்.

சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வயது போய்விட்டது. அதை இறக்கிற திட்டம் நடக்கிறது. அடுத்து வருகிற நிலையங்களை நாடுகளும் கம்பனிகளும் தனித்தனியாகக் கட்டப் பார்க்கின்றன. அவற்றில் கருவிகள் ஒன்றுக்கு நாலாக இருக்கும், சந்தேகம் இல்லை. அடுத்தவனுடைய ரேடியோவுக்கு அதில் இடம் விடுவார்களா? இந்தக் கேள்வியைப் பொறியியல் பீடத்து நண்பர்களிடம் கேட்டோம். "அது உங்கட பாடம்" என்றார்கள்.